எக்காளக்காரனின் குதிரை

ஜனவரி 18

அன்புள்ள நாத்தனாருக்கு உன் அண்ணி எழுதுவது.

ஆண்டவன் கருணையால் நானும் உன் அண்ணனும் இங்கே சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு. குதிரை மிதித்த கால்விரல் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? “ஊர்க் குதிரைக்கெல்லாம் கட்டுப் போடுறவ தன் காலுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா”ன்னு உன் அண்ணன் கேட்கிறார்.

இந்தக் கடிதமும் அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியாததா? பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல்செட் செய்கிற கைக்கு, பேனா பிடித்தால் மட்டும் வலிக்கிறதாம். வீட்டுக்கு வந்து ஈயம் காய்ச்சினால் வலிக்காது.

நல்ல செய்தி ஒன்று. குதிரைப்படை முடிந்துவிட்டது. பன்னிரண்டு வீரர்கள், கட்டைவிரல் உயரம் ஒவ்வொருவனும். செப்டம்பரில் உங்கள் ஊரில் நடக்கிற சிற்றுருவப் படைக் கண்காட்சியில், வரலாற்றுத் துல்லியப் பிரிவில் வைக்கப் போகிறார். வார்ப்பு அவர், வண்ணம் நான். சட்டையில் பொத்தான் எத்தனை வரிசை, தோளில் தொங்கும் கயிறு எந்தப் பக்கம், வாளுறை எப்படிச் சாய்ந்திருக்கும் என்று நூலகத்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு படித்த லட்சணம் வேறு. இவர்கள் சட்டையைப் படித்த படிப்பு வேறு. அடுப்பு வேலையும் பிரார்த்தனையும் போக மிஞ்சிய பகல் வெளிச்சம் முழுக்க மூன்று மாதமாக இவர்களுக்குத்தான் போனது.

கடைசி வீரனின் மீசையை முடித்ததும் உன் அண்ணன் லென்ஸ் வைத்துப் பார்த்து, “பிரமாதம்” என்றார். எனக்கு வயிறு நிறைந்தது. மறு மூச்சிலேயே, “வாண்டுக்கு போட்டோ அனுப்பு, அவ பார்த்துச் சொல்லட்டும்” என்றார். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு நீ வாண்டுதான்.

போட்டோ உள்ளே இருக்கிறது. பார்த்துச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணி

•

பிப்ரவரி 2

அன்பு அண்ணிக்கு வணக்கம்.

நான் நலம். வீக்கம் வடிந்துவிட்டது, நகம்தான் விடைபெற்றுக்கொண்டது. மிதித்த குதிரை ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை போல் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நின்று புல் தின்கிறது. அதற்கும் நான்தான் மருந்து கட்டுகிறேன். உங்கள் முதுகு வலி தேவலையா? குனிந்து தீட்டாதீர்கள், மேசையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

போட்டோவை இங்கே எல்லோரிடமும் காட்டிவிட்டேன். எங்கள் டாக்டர், “இதைத் தீட்டினவங்களுக்குக் கண்ணு இன்னும் தெரியுதா?” என்று கேட்டார். பொத்தானில் நிழல்கூட விழுகிறதே அண்ணி! எப்படித்தான் செய்தீர்களோ.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. குதிரைகள் நாலு காலையும் முன்னும் பின்னுமாக விரித்துக்கொண்டு பறக்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. தவளைதான் அப்படித் தாவும். நாலு குளம்பும் தரையை விடுகிற அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கித்தான் இருக்கும். பழைய காலத்து ஓவியர்கள் பலர் இதைத் தப்பாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அண்ணன் அந்தப் படங்களைப் பார்த்து வார்த்திருப்பார். வேறு பிரிவாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். துல்லியப் பிரிவு என்கிறீர்கள், அதனால்தான்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சட்டென்று எதையாவது செய்துவைப்பார்.

என்றும் உங்கள் அன்பை விரும்பும்
நாத்தனார்

•

பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கு நலம். நகம் முளைக்கும் வரை மூடிய செருப்புப் போட்டுக்கொள்.

வழக்கம்போல் உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தவளை என்ற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். “தவளையாம்! தவளை! பார்த்தியா, வாண்டு வாண்டுதான். சின்ன வயசிலேயே என் தப்பை அவதான் கண்டுபிடிப்பா.” சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் ஆறு பேர் ஈயக் கரண்டிக்குள் போயிருந்தார்கள், மற்ற ஆறு பேரும் பின்னாலேயே.

வீரனும் குதிரையும் ஒரே வார்ப்பு என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. குதிரை போனால் மேலே இருப்பவனும் போக வேண்டியதுதான். ஈயம் இளகும்போது முதலில் வண்ணம் கொப்பளிக்கிறது. பிறகு கறுத்துப்போய் பாலேடு மாதிரி மேலே மிதக்கிறது. அந்த ஏட்டைக் கரண்டி முனையால் ஒதுக்கிக் குப்பையில் கொட்டினார். மூன்று மாதத்துக்கு அது ஒரு கைப்பிடிகூட இல்லை.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தப்பு தப்புதானே. தெரிந்தவர் சொன்னால் தெரியாதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். புகைக்காகச் சன்னலைத் திறந்து வைத்தேன். கண் எரிச்சல் மறுநாள்தான் அடங்கியது.

நீ பக்குவமாகச் சொல்லச் சொல்லியிருந்தாய். அந்த வரியையும் வாசித்தேன். அதற்கும் சிரித்தார்.

உன் நலமே கோரும்
அண்ணி

•

மார்ச் 9

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. உருக்கிவிட்டாரா? பன்னிரண்டையுமா? பாவி மனுஷன்! அடுத்ததில் திருத்திக்கொள்ளட்டும் என்றுதானே சொன்னேன். உங்கள் மூன்று மாதத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உடம்பு எப்படி இருக்கிறது? கண் சரியாகிவிட்டதா?

என்னால் ஆனது ஒன்றே ஒன்றுதான். இத்துடன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மெழுகில் நானே பிடித்த குதிரைகள். லாயத்தில் ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பாய்வது, திரும்புவது, நிற்பது எல்லாம் இருக்கின்றன. அண்ணன் இதிலிருந்து அச்சு எடுத்துக்கொள்ளட்டும். இந்தத் தடவை வீரனைத் தனியாக வார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என் வாயில் வேறு ஏதாவது வந்தாலும் உங்கள் வீரர்களாவது பிழைப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் பிறகு நீங்களே திட்டுவீர்கள். முதல் படையில் கறுப்பு, பழுப்பு, புள்ளி என்று குதிரைக்கு ஒரு நிறம் தீட்டியிருந்தீர்கள். பார்க்க அழகு. ஆனால் சந்தையில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து வந்த மாதிரி இருந்தது. ஒரு பிரிவுக்கு ஒரே நிறக் குதிரைகளைத்தான் கொடுப்பார்களாம். இங்கே லாயத்துக்கு வருகிற பழைய ராணுவக்காரர் ஒருவர் சொன்னார். எல்லாமே செம்பழுப்பாக இருக்கட்டும் அண்ணி.

மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை இங்கே எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் நாத்தனார்

•

ஏப்ரல் 3

சிற்றுருவப் படை சேகரிப்போர் சங்கத்தின் மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். செப்டம்பர் கண்காட்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு குதிரைப்படை வருகிறது. வண்ணம் தீட்டுவது நான். படித்தவள் அல்ல. நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பிரிவில் எல்லாக் குதிரையும் ஒரே நிறம் என்று எங்களுக்கு வேண்டப்பட்ட ஒருவர், குதிரையைப் பற்றி மிகவும் தெரிந்தவர், சொல்லியிருக்கிறார். ஆனால் நான் பார்க்கும் புத்தகத்தில் ஒரு படத்தில், எக்காளம் ஊதுகிறவன் மட்டும் வெள்ளைக் குதிரையில் இருக்கிறான். அது ஓவியரின் கைத்தவறா, இல்லை அதுதான் முறையா? இணைத்திருக்கும் தாளில் சீருடையை வரைந்து அனுப்பியிருக்கிறேன். எந்தப் படை என்று தங்களுக்குத் தெரியும்.

பதிலை ‘இல்லத்தரசி’ என்று மட்டும் போட்டு இந்த முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன். என் கணவர் வேலை மும்முரத்தில் இருப்பவர்.

பணிவுடன்,
தங்கள் நேரத்துக்கு நன்றி சொல்லும் ஓர் இல்லத்தரசி

•

ஏப்ரல் 22

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

இங்கு மூட்டுவலி தவிர மற்றதெல்லாம் நலம். தாங்கள் வரைந்த சீருடையை நடுவரிடம் காட்டினேன். திருப்பித் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டார்.

ஓவியருக்குக் கை தவறவில்லை. தங்கள் நண்பர் சொன்னதும் சரிதான், பாதி வரைக்கும். பிரிவுக்கு ஒரே நிறம் உண்டு. ஆனால் நீங்கள் எழுதும் படையில் எக்காளக்காரனுக்கு வெள்ளைக் குதிரைதான். தூசியும் புகையும் எழும்பிய இடத்தில் தளபதியின் கண்ணுக்கு அவன்தான் முதலில் தென்பட வேண்டும். அவன் ஊதினால்தானே மற்றவன் பாயவோ திரும்பவோ முடியும்?

இதில் தவறினால் எங்கள் நடுவர் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். போன வருஷம் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, ஏதோ நான்தான் குதிரைக்குச் சாயம் அடித்த மாதிரி. எல்லோரும் தீட்டிவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். கேட்டுவிட்டுத் தீட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

வெற்றி பெற வாழ்த்துகளுடன்,
செயலாளர்

•

ஜூலை 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே சுகம். அங்கே உன் சுகமும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத இவ்வளவு தாமதமாகிவிட்டது. தப்பாக நினைக்காதே, கை ஓயவில்லை. மன்னிப்பெல்லாம் எதற்கு? நமக்குள் அதெல்லாம் உண்டா? சோறு இறங்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நீ துரும்பாயிருப்பாய்.

உன் மெழுகுக் குதிரைகள் வந்ததிலிருந்து உன் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் பல்லைத்தான் முதலில் பார்த்தார், தொழில் புத்தி. “பல்லு வரிசைகூடச் சரியா வச்சிருக்கா பாரு!” என்று பட்டறை ஆள்களைக் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் அக்கம்பக்கம். அப்புறம் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். பாவம், அவர் குறட்டைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் உன் புகழ் கேட்டுவிட்டுப் போனார்.

வீரர்கள் முடிந்தார்கள். குதிரைகளுக்கு வழக்கம்போல் முதலில் வெள்ளை, அதன்மேல் பள்ளங்களில் மட்டும் சாம்பல் நிழல், அது காய்ந்தபின் நிறம். ஒன்று உறுதியாகச் சொல். எல்லாமே செம்பழுப்புதானே? ஒன்றுகூட மாற வேண்டாம்தானே? நீ சொன்னால் உன் அண்ணனுக்கு வேதவாக்கு. நான் யார் குறுக்கே பேச?

கண்காட்சியில் பக்கத்தில் வைக்கிற அட்டையை அவர் எழுதிவிட்டார். “வார்ப்பு” என்று போட்டுத் தன் பெயர். “குதிரை வடிவம்” என்று போட்டு உன் பெயர். வண்ணம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அட்டையின் ஓரம் கோணலாக இருந்தது, அதை மட்டும் வெட்டிச் சரிசெய்தேன்.

பட்டறையில் அவருக்கு விடுப்பு இல்லை. நான் போய் வைத்துவிட்டு வருகிறேனே என்றேன். “நீ எதுக்கு அலையணும்? அங்கதான் வாண்டு இருக்காளே” என்றார். பெட்டியை நான் கட்டி அனுப்புகிறேன். கண்காட்சி அன்று காலையில் பிரித்தால் போதும். முன்னாலேயே பிரித்தால் தூசி படியும்.

எல்லாம் நல்லபடியாக நடக்கப் பிரார்த்திக்கும்
அண்ணி

•

ஜூலை 30

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாடி, கடைசியில் ஒரு கடிதம் போட்டீர்களே! தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி ஓடி, அவரே, “இன்னிக்கும் இல்லைங்க” என்று தூரத்திலேயே கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாமே செம்பழுப்புதான் அண்ணி. சந்தேகமே வேண்டாம். அந்தப் பழைய ராணுவக்காரரிடம் மறுபடியும் கேட்டேன்.

அந்த அட்டை விஷயத்தில் அண்ணனை என்ன செய்தால் தகும்? இங்கே வந்ததும் “வண்ணம்” என்று போட்டு உங்கள் பெயரை நான் எழுதிவிடுகிறேன். கொட்டை எழுத்தில்.

சொன்னால் சிரிப்பீர்கள். உங்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே சாயங்காலம் பூட்டைத் திறப்பதும் நான், விளக்கைப் போடுவதும் நான், “இன்னிக்கு எந்தக் குதிரை உதைச்சது?” என்று கேட்பதும் நானேதான். அங்கே நீங்களும் அண்ணனும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் மெழுகைப் பிடித்தேன். குதிரையாவது உங்கள் மேசைக்கு வரட்டுமே என்று.

பெட்டியைச் சொன்னபடி அன்று காலையில்தான் பிரிப்பேன். முதுகைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

•

செப்டம்பர் 8

அன்பு அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. பாராட்டுச் சான்று மட்டும்தான். அண்ணன் பெயருக்குத் தனித் தபாலில் வரும், நடுவரின் குறிப்போடு. ஏன் கிடைக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

காலையில் மண்டபத்தின் பின்னறையில் பெட்டியைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகப் பஞ்சை விலக்கி எடுத்தேன். பதினோரு குதிரை செம்பழுப்பு, உயிரோடு மூச்சு விடுகிற மாதிரி. கடைசியில் எக்காளக்காரன். அவன் குதிரை மட்டும் வெள்ளையாக, பள்ளங்களில் சாம்பல் நிழலோடு இருந்தது. “ஐயோ, அண்ணிக்கு நேரம் போதவில்லை. நிறம் கொடுக்காமலே, சொல்லவும் கூச்சப்பட்டு அனுப்பிவிட்டார்களே” என்று நினைத்தேன். அட்டையில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் வேறு எழுதி வைத்திருந்தேன். அரைகுறை வேலை என்று யாராவது உங்களைச் சொல்லிவிட்டால்? பக்கத்துக் கடைக்காரரிடம் வண்ணம் கடன் வாங்கி, நடைவழியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்துத் தீட்டினேன். உங்கள் செம்பழுப்போடு ஓரளவு சேர்த்துவிட்டேன். நடுவர் வருவதற்குள் காய்ந்தும் விட்டது. உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன் அண்ணி.

நடுவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். கால்களில் குறையில்லை என்றார். சீருடையைப் பார்த்து, “யாருங்க இது, அந்தக் காலத்துத் தையல்காரரா?” என்றார். எக்காளக்காரனிடம் வந்ததும் நிமிர்ந்துவிட்டார். “கல்யாணப் பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளையை மறந்துட்டாங்களே! இவன் வெள்ளைக் குதிரையிலல்லவா இருக்கணும்!”

நான் தீட்டும்போதே அந்தக் குதிரையின் மூக்கில் கறுப்பு இருந்ததே அண்ணி. செம்பழுப்புக்கும் மூக்கு கறுப்புதானே, இதற்கு மட்டும் முன்கூட்டியே வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் வெள்ளைக் குதிரையின் கறுப்பு மூக்கைத் தடவிக்கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கிளம்பும்போது செயலாளர் என்னிடம் வந்து, “உங்க அண்ணன் ஊர்லேருந்து ஒரு அம்மா ஏப்ரல்லயே இந்தச் சந்தேகத்தைக் கேட்டு எழுதினாங்க. அவ்வளவு அக்கறையா கேட்டாங்க. அவங்க கலந்துக்கலையா?” என்றார்.

அண்ணி, அது நீங்களா? நீங்களாக இருந்தால், ஜூலையில் எல்லாமே செம்பழுப்புதானே என்று ஏன் என்னைக் கேட்டீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்
நாத்தனார்

•

அக்டோபர் 20

அன்பு அண்ணிக்கு,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பதில் இல்லை. தபால்காரரும் இப்போது கையை ஆட்டுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்.

போன கடிதத்தில் கடைசியில் நான் கேட்டதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் நடுவரின் குறிப்பில் பிழை உங்கள் பெயருக்கு நேரே விழுந்திருக்கிறது. பெயரை எழுதியவளும் நான், குதிரையைக் கெடுத்தவளும் நான். பழி மட்டும் உங்களுக்கா? என் கடிதங்களை நீங்கள்தான் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். போன கடிதத்தை வாசித்திருக்க மாட்டீர்கள் என்று என் மனசு சொல்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி, அண்ணனுக்கே, பட்டறை முகவரிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். எழுதி முடித்து உறையிலும் போட்டுவிட்டேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புவதுதான் முறை என்று இதை முதலில் அனுப்புகிறேன்.

உங்கள் நாத்தனார்

•

அக்டோபர் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். உன் சுகம் கேட்கிறேன். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அடுப்பில் வைத்ததை இறக்கி வைத்துவிட்டு உடனே எழுதுகிறேன். அந்த உறையைத் தபாலில் சேர்க்காதே.

செயலாளருக்கு எழுதியது நான்தான். பெட்டி கட்டுகிற அன்று, உன் அண்ணன் பட்டறைக்குப் போனபின், அந்தக் குதிரையை வெள்ளையாக்கியதும் நான்தான். அதுவரை அதுவும் செம்பழுப்பாகத்தான் இருந்தது. அவர் பார்த்ததும் அதைத்தான். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். மண்டபத்தில் ஊரே கூடி நின்று பார்க்கும்போது நீயும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்துவிட்டு, ‘நான் சொன்னது தப்பு, அண்ணி செய்ததுதான் சரி’ என்று உன் அண்ணனுக்கு நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை செய்தவள் கதை. நீ என் மானத்தைக் காப்பாற்ற நடைவழியில் உட்கார்ந்தாய் என்று படித்தபோது, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை.

உன் ஊகம் சரி. அந்தக் கடிதத்தை அவருக்கு வாசிக்கவில்லை. குறிப்பை மட்டும் கொடுத்தேன். பார்த்தார். என் பெயரைப் பார்த்தார். கரண்டியைத் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. “அட, உனக்கு எப்படித் தெரியும் பாவம். வாண்டுக்குக் குதிரை தெரியும், படை தெரியுமா? அதை நாமதான் பார்த்திருக்கணும், நீயும் நானும்” என்றார்.

நீ மனசில் வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவர் பின்கட்டில் அடுப்போடு, நான் முன்னறைச் சன்னலோரம். நடுவில் ஒரு சுவர். முடிந்ததைத் தட்டில் வைத்து எடுத்துப்போய்க் காட்டுவேன், பார்த்துவிட்டுத் தருவார். லென்ஸ்கூட ஆளுக்கொன்று. என் பொறாமைக்காவது நீ ஒரு ஆளாக இருந்தாய். உன் பொறாமைக்கு அதுகூட இல்லை.

நேற்று சாயங்காலம் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். புதிதாக ஒரு குதிரையை வார்த்து எடுத்துவந்திருந்தார். “வா, வெள்ளைக் குதிரைக்கு எப்படித் தீட்டணும்னு சொல்லித்தரேன். மனசை விட்டுராதே” என்று என் பிரஷ்ஷை வாங்கினார். பல் செய்கிற கை, வண்ணத்தில் வாகில்லை. வாலுக்கு ஈயச்சாம்பல் நிறத்தை அப்பினார். வெள்ளைக் குதிரைக்கு மூக்கும் வெள்ளைதான் என்று ரோஜா நிறம் வைத்தார். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரியாதவள் மாதிரி, “அப்படியா? அப்படியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். விளக்குப் போடும் வரை எழுந்திருக்கவில்லை அவர். இன்றைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நீ எழுதி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மறைத்தது அவருக்குப் பெரிதாகத் தெரியாது. “பார்த்தியா வாண்டை, உன் பேரைக் காப்பாத்த முழங்காலில் வச்சுத் தீட்டியிருக்கா!” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், அடுத்த படைக்கு அச்சுப் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்.

கால்கள் உன்னுடையவை என்றார்கள், சரி. வார்ப்பு அவருடையது, சரி. அந்தத் தப்பை மட்டும் எனக்கு விட்டுக்கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி உன்னைத் தபால்காரருக்காக வாசலில் நிற்க வைக்க மாட்டேன்.

அண்ணி